அறுவடை மெஷினுக்குப் பின்னால் ஒரு கப்பல்காரர்

வில்லியனூர் போகுமா என்று கேட்டுத்தான் ஏறினேன். நடத்துநர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் 'போகும்' இல்லை, 'எனக்கென்ன' என்பது பாதி வழி போன பிறகுதான் புரிந்தது. "வில்லினூருக்கு இது போவாதுமா. எறங்கி அந்தாண்ட நில்லு, வேற வண்டி வரும்" என்றார், நான்தான் அடம்பிடித்து ஏறியது மாதிரி. மாசி வெயிலில் நடுரோட்டில் இறங்கி நின்றேன். பயணம் இப்படித்தான் ஆரம்பித்தது. முடியும்வரை இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

நான் தூத்துக்குடிக்காரி. கப்பல்களைப் பற்றி எழுதுவது என் பிழைப்பு. சரக்குக் கப்பல் இல்லை, போர்க்கப்பல்கள். எங்கே கட்டினார்கள், எந்தச் சண்டைக்குப் போயின, எப்படி உடைத்து இரும்புக்கு விற்றார்கள் என்பதையெல்லாம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக எழுதிவருகிறேன். இப்போது அதைப் புத்தகமாகப் போடுகிறார்கள். "தோணியில ஏறுனாலே வாந்தி எடுக்கவ, கடற்படை சரித்திரம் எழுதுதாளாம்" என்று என் அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். வாந்தி எடுக்கிறவள் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

புத்தகத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் அந்தரத்தில் நின்றது. பல வருடங்களுக்கு முன்னால் நடுக்கடலில் ஒரு கப்பலின் இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அப்போது பத்திரிகைகளில் சின்னச் செய்தியாக வந்து மறந்துபோன விபத்து. அன்றைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்தான் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். பெயர் ஏழுமலை, ஊர் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர். கப்பலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுது என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

போனில் ஏழுமலை தங்கமாகப் பேசினார். "வாங்க மேடம், தாராளமா வாங்க, எல்லாம் சொல்றேன்." அந்தத் தாராளத்தை நம்பித்தான் கிளம்பினேன்.

வில்லியனூரில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. கோயில் தெருவைத் தாண்டி "கப்பக்காரர் வூடு" என்று கேட்டால் காட்டிவிடுகிறார்கள். அவர் மனைவி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரா? இப்பதாம்மா வண்டி எடுத்துனு போனாரு. காட்டேரிக்குப்பத்துல மெஷினு படுத்துக்கிச்சாம். நீ குந்து, காபி போடறேன்."

கடற்படையில் இயந்திரம் பார்த்த மனிதர் ஓய்வுபெற்று வந்து நெல் அறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறார். அவரே ஓட்டுகிறார், அவரே பழுதும் பார்க்கிறார். இப்போது அறுவடைக் காலம். மன்னாடிப்பட்டுப் பக்கமிருந்து பாகூர் வரைக்கும் எந்த வயலில் மெஷின் நின்றாலும் இவருக்குத்தான் போன் வருமாம். மெஷினுக்குக் கீழே படுத்தால் சாப்பாடு மறந்துபோகுமாம்.

காபி வருவதற்குள் நான் இரண்டு முறை எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டேன். "நீயும் அவராட்டம்தான் கீற. ஒரு எடத்துல குந்த மாட்டற" என்று அந்தம்மாள் சிரித்தார். எங்கள் ஊரில் காபியில் சர்க்கரை போடுவார்கள். அங்கே சர்க்கரையில் கொஞ்சம் காபி விட்டிருந்தார்கள். மடமடவென்று குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோ பாதி வழியில் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி, "ரிசர்வுல ஓடிடும்னு நெனச்சேங்க்கா" என்றார், உலகத்திலேயே நியாயமான நினைப்பு அதுதான் என்பது போல. உள்ளே இருந்த எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒரு பாட்டில் பெட்ரோல் யாரோ கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. காற்று என்பது மருந்துக்கும் இல்லை. துறைமுகக் காற்றில் வளர்ந்த எனக்கு மூச்சு முட்டியது.

காட்டேரிக்குப்பத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது, படுத்துக்கிடந்ததாகச் சொன்ன மெஷின் எழுந்து ஜோராகக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற வயல்காரர், "ஏழுமலையா? சரி பண்ணிட்டு சாப்ட போனாரே" என்றார். ஓட்டலுக்கு ஓடினேன். "இப்பத்தான் கைய கழுவினு போனாரு. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னால வந்திருக்கக் கூடாது?" என்று பரோட்டா மாஸ்டர் என்மேலேயே குறைபட்டார்.

வயிற்றெரிச்சலோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து எடுப்பார்கள், கடித்தால் சத்தம் கேட்கும். இங்கே பஞ்சு மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் மாஸ்டர் முட்டையைக் கொத்துகிற சத்தம்தான். சால்னா மட்டும் பிரமாதம், அதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்பதை மேசைக்கு அடியில் இருந்த மதுப் பாட்டில் பையே சொன்னது.

சாப்பிட்டுக்கொண்டே ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"வந்துனே இருக்கேன் மேடம்."

"எங்கே வர்றீங்க?"

"நீங்க இருக்கற எடத்துக்குத்தான்."

"நான் எங்கே இருக்கேன்னே சொல்லலையே!"

தொடர்பு அறுந்தது. அப்புறம் போட்டால் எடுக்கவே இல்லை. எனக்குத் தண்ணி காட்டுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ அதிகாரிகளைப் பேட்டி எடுத்திருக்கிறேன். பேச மறுப்பவர்கள் முகத்துக்கு நேராக மறுப்பார்கள். வா வா என்று கூப்பிட்டுவிட்டு ஊர் ஊராக ஓடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்வதுகூடத் தப்பு, இன்னும் பார்க்கவே இல்லையே.

மறுநாள் பாகூர். அங்கே அறுப்பு நடப்பதாக அவர் மனைவியே போனில் சொன்னார். பாவம், புருஷன் ஓடுகிறார் என்பது அந்தம்மாளுக்குத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். ஒரு பலகை புதுச்சேரி என்கிறது, அடுத்தது கடலூர் மாவட்டம் என்கிறது, மறுபடியும் புதுச்சேரி. ஒரு டிக்கெட்டில் இத்தனை முறை எல்லை தாண்டியது என் வாழ்நாளில் இதுதான். மதுக்கடைகள் திடீரென்று கூட்டமாக வந்தால் புதுச்சேரி, காணாமல் போனால் தமிழ்நாடு என்று பக்கத்திலிருந்த பெண் சுலபமான கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பாகூர் ஏரிக்கரையில் ஏறி நின்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. அத்தனை தண்ணீரை நான் அந்தப் பக்கத்தில் எதிர்பார்க்கவில்லை. நாரைகள் நின்றன. எங்கள் கடல் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இந்த ஏரி அசையாமல் கிடந்தது. ஆனால் நின்று பார்க்க எனக்குப் பொறுமை ஏது? புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிப் பதிப்பாசிரியர் மணிக்கொரு தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கரையிலிருந்து இறங்கி, அறுப்பு நடந்த வயலுக்குப் போனால் வைக்கோல்தான் கிடந்தது.

"ஏழுமலை அண்ணனா? அவரு சம்மந்தி வூடு செலியமேட்டுலதான் கீது. அங்க போயிருப்பாரு பாரு" என்றாள் வைக்கோலை உதறிக்கொண்டிருந்த பெண்.

செலியமேட்டில் அந்த வீட்டு வாசலிலும் அவர் வண்டி இல்லை. அவர் மகள் அமுதாதான் வந்து எட்டிப்பார்த்தாள். இந்த வீட்டுக்குத்தான் வாக்கப்பட்டு வந்திருக்கிறாள். பத்திரிகை என்றதும் முகம் மலர்ந்து, "அப்பாவப் பத்தி எழுதப் போறீங்களா? அத்த, இங்க வந்து பாரேன்!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மாமியார் சரோஜா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது தாண்டியவர், நெற்றியில் விபூதிக் கீற்று மட்டும்.

உள்ளே போனதும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். வெள்ளைச் சீருடை, தொப்பி, அரும்பு மீசை, பிளாஸ்டிக் மாலை. கீழே பெயர் எழுதியிருந்தது: கலியபெருமாள். அந்த விபத்தில் இறந்த இருவரில் ஒருவர். பெயர்தான் எனக்குத் தெரியும், எந்த ஊர் என்று இதுவரை தெரியாது.

"எம்பையன் அப்ப கைக்கொழந்த" என்றார் சரோஜா. "இவரும் ஏழுமலை அண்ணனும் ஒண்ணாதான் நேவிக்கு ஆள் எடுக்கறப்ப போனாங்க, ஒரே கப்பல்லதான் இருந்தாங்க. இவரு போனப்புறம் அண்ணன்தான் எங்களுக்கு எல்லாம். லீவுல வந்தா அவரு வூட்டுக்குப் போறதுக்கு முன்னால இங்கதான் வருவாரு. எம்பையன படிக்க வச்சாரு, பொண்ணையும் குடுத்தாரு. கூடப்பொறந்தவன் செய்வானா சொல்லு?"

சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டுவிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது. கடற்கரையில் பிறந்தவள் சொல்கிறேன், கருவாடு சமைக்க உள்நாட்டுக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சரோஜா எதிரே உட்கார்ந்து சொன்னார்:

"நல்ல சாவும்மா அவருக்கு. பாய்லரு வெடிச்சு ஒரு செகண்டுல போயிட்டாராம். நோவே தெரிஞ்சிருக்காதுன்னு அண்ணன் சொன்னாரு. அதான் எனக்கு ஒரு ஆறுதலு."

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. தப்பான தகவலைக் காதில் கேட்டால் திருத்தாமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் தாத்தா எந்தக் கப்பலில் பர்மாவுக்குப் போனார் என்பதைத் திருத்திச் சண்டை வாங்கியவள் நான். அந்த வியாதி அன்றைக்கும் என் வாயைத் திறந்தது.

"பாய்லர் வெடிக்கலையேம்மா. குழாய் உடைஞ்சு கடல் தண்ணிதானே உள்ளே வந்தது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பிடியா?" என்று அவர் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கப்பல் என்பது டிபன் கேரியர் மாதிரி அம்மா, தனித்தனி அடுக்கு. ஓர் அடுக்கில் தண்ணீர் புகுந்தால் அதன் இரும்பு மூடியைப் போட்டு இறுக்கிவிடுவார்கள், அப்போதுதான் மற்ற அடுக்குகளும் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் பிழைப்பார்கள். இதையெல்லாம் சாதம் பிசைந்துகொண்டே, வகுப்பு எடுப்பது போலச் சொன்னேன்.

சரோஜா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப இவரு உள்ள இருக்கறப்பவே மூடிட்டாங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. தெரியாது அம்மா, அதைக் கேட்கத்தான் வந்தேன், நானாக ஊகிக்கக் கூடாது என்று என்னென்னவோ உளறினேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

"யாரு மூடுனது?"

"சத்தியமாத் தெரியாதும்மா."

"ஏழுமலை அண்ணன் மேல இருந்தேன், ஒண்ணியும் பாக்கலன்னு சொன்னாரு. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அவரக் கேளு. பேப்பர்ல போடறதுக்கு மின்ன எங்கிட்ட சொல்லணும். எம்மேல ஆணையா சொல்லு."

சொன்னேன். போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அமுதா உள்ளே வந்து, "அத்த, இன்னா ஆச்சு, ஏன் இப்பிடி கீற?" என்றாள். "ஒண்ணியும் இல்லடி. அந்தம்மாவுக்கு மோர் ஊத்து" என்றார் சரோஜா. அந்த மோர் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

லாட்ஜ் அறைக்குத் திரும்பியும் இருப்புக்கொள்ளவில்லை. ஏழுமலை ஏன் ஓடுகிறார் என்பது இப்போது எனக்கு அரைகுறையாகப் புரிய ஆரம்பித்தது. புரிந்தது பிடிக்கவில்லை. பேசாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அத்தியாயம் போனால் போகிறது. ஆனால் அந்தம்மாளின் தலையில் ஒரு கேள்வியைத் தூக்கி வைத்துவிட்டு நான் மட்டும் பஸ் ஏறுவதா? ஒருத்தியின் ஆறுதலைப் பிடுங்கியாயிற்று, பதிலாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமா?

அடுத்த நாள் மாசி மகம். சுற்றுவட்டாரத்தில் உள்ள சாமிகளெல்லாம் கடலாடக் கிளம்புகிற நாள். வருடம் முழுக்க வயலுக்கு நடுவில் இருக்கிற சாமிகள் டிராக்டரிலும் லாரியிலும் ஏறி, மாலையும் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் மேளமுமாகக் கடற்கரைக்குப் போகின்றன. எங்கள் ஊரில் சாமிக்குக் கடல் பக்கத்து வீடு. இங்கே அது ஊர்ப் பயணம். ஒவ்வொரு டிராக்டரிலும் புளிசாத வாளியும் தண்ணீர் கேனும் ஏறியிருந்தன.

செலியமேட்டுப் பக்கம் மெஷின் போகிறது என்று கேள்விப்பட்டுப் பாகூரிலிருந்து பஸ் ஏறியிருந்தேன். பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் போன சாமி டிராக்டரின் விமானக் கலசம் ரோட்டின் குறுக்கே போகிற மின்கம்பியில் மாட்டிக்கொண்டதாம். லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைத் தூக்கினால்தான் சாமி நகரும், சாமி நகர்ந்தால்தான் மற்றவர்கள். மேளக்காரர்கள் டிராக்டர் நிழலில் குந்திவிட்டார்கள். "சாமிக்கே கரண்டு பிரச்சன" என்று பஸ்ஸில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இறங்கி முன்னால் நடந்தேன். பைக்குகள், ஒரு வேன், கரும்பு லாரி. அதற்கும் முன்னால், சாமிக்கு நேர் பின்னால், ரோட்டையே அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை மெஷின். மேலே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நரைத்த மீசையோடு ஒருவர். முன்னால் சாமி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் வாய்க்கால். கடைசியில் அந்த ஊர்ச் சாமிதான் எனக்கு அவரைப் பிடித்துக்கொடுத்தது.

"ஏழுமலை சார்தானே?"

என்னைப் பார்த்ததும் அவர் கண் அனிச்சையாக வாய்க்காலைப் பார்த்தது. தாண்ட முடியுமா என்று யோசித்திருப்பார். பிறகு மெல்ல இறங்கினார். "மேடமா? தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். சீசன் பாருங்க, ஒரு எடத்துல நிக்க முடியல. நாளைக்கு..."

"நேத்து சரோஜா அம்மாவைப் பார்த்தேன்" என்றேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய்லர் வெடிக்கவில்லை என்று சொன்னதை, டிபன் கேரியரை, அவர் கேட்ட கேள்வியை, நான் செய்த சத்தியத்தை.

அவர் முகம் கறுத்தது. "இன்னாத்துக்கு சொன்ன நீ?" என்று கத்தினார். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யார் ஒன்ன கேட்டது? இத்தினி வருஷமா நான் கட்டிக் காப்பாத்தினு வந்தத, சோறு துன்னுனே ஒடச்சுட்டு வந்து நிக்கிறியா? படிச்சவதான நீ?"

நான் திட்டு வாங்க வேண்டியவள்தான். கத்தி ஓய்ந்த பிறகு மெஷின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

"கொழா ஒடஞ்சுது. ஒரு சின்னப் பையன், புதுசா வந்தவன், கீழ் தட்டுல மாட்டிக்கினான். கலியன் எம்பக்கத்துலதான் நின்னுனு இருந்தான். அவன இட்டுனு வந்துடறேன்டான்னு சொல்லிக்கினே ஸ்பேனரோட எறங்குனான். தண்ணி ஏறுது. மூடுன்னு ஆர்டர் வந்துது. மூடித்தான் ஆவணும், இல்லன்னா கப்பலே இல்ல. தரையில இருக்கற மூடி அது. மூடி, கொண்டியெல்லாம் திருகிட்டு அது மேலயே நின்னேன். அவன் கீழருந்து தட்டுனான். காதுல கேக்கல மேடம், அவ்ளோ சத்தம் அங்க. கால்ல தெரிஞ்சுது."

நான் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறேன். 'நீர்புகா மூடி உரிய நேரத்தில் அடைக்கப்பட்டதால் கப்பல் காப்பாற்றப்பட்டது' என்கிற வாக்கியம் என் கைப்பழக்கம். அதற்குக் கீழே ஒரு கை தட்டிக்கொண்டிருக்கும் என்பதை நான் ஒரு தடவையும் யோசித்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் முயலவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. சரோஜா என்று திரையில் பெயர் வந்ததை அவரும் பார்த்தார். காலையிலிருந்து அந்தம்மாள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். எடுக்கத் தைரியமில்லாமல் விட்டிருந்தேன்.

"குடு" என்று கையை நீட்டினார் ஏழுமலை.

என் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கர் போட்டால்தான் உண்டு. போட்டுக் கொடுத்தேன்.

"சரோஜா, நான்தான்."

"அண்ணா? நீயா? அந்தம்மா கண்டுபுடிச்சுட்டாங்களா ஒன்ன?" பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"அத யாரு மூடுனதுன்னு கேட்டியாமே."

"ஆமா."

"நான்தாம்மா மூடுனேன்."

மிக்ஸி நின்றது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் இங்கே கேட்டது.

"அவரு உள்ள இருந்தது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தட்டுனாரா?"

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தம்மாள் மிச்ச வாழ்நாளை நிம்மதியாகக் கழித்துவிடுவார். சொல்லிவிடட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். என் தொழில், என் வியாதி, என் புத்தகம் எல்லாம் நாசமாகப் போகட்டும், சொல்லிவிடட்டும்.

"தட்டுனாம்மா" என்றார்.

"எங்க கீற நீ?" என்றது குரல்.

"இங்கதான். நம்ம ஊர் ரோட்ல. சாமி வண்டி மாட்டிக்கினு நிக்குதே, அங்க."

"அங்கயே இரு."

லைன்மேன் வந்து, கம்பியைத் தூக்கி, கலசம் விடுபட்டது. மேளம் கிளம்பியது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. ஏழுமலை மெஷினை ஓட்டிப் போய்க் களத்து மேட்டில் ஓரம் கட்டினார். வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. என் பஸ்ஸும் போனது. நடத்துநர் கையை ஆட்டிக் கூப்பிட்டார், நான் போகவில்லை. "வந்து அடிச்சாலும் வாங்கிக்கலாம் மேடம். பொண்ண திருப்பி அனுப்பிடுவாங்களோன்னுதான் பயமாக்கீது" என்றார் ஏழுமலை. ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்கூட்டியை அமுதாதான் ஓட்டிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அப்பாவைப் பார்க்காமல் வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். சரோஜா இறங்கி நேராக வந்தார். அழுதிருக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தார்.

"எதால தட்டுனாரு? கையாலயா?"

"இல்லம்மா. ஸ்பேனரால."

"தட்டிக் காட்டு."

"வேணாம் சரோஜா."

"எப்பிடித் தட்டுனாரோ அப்பிடியே தட்டு. நான் கேக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எங்கள் யாரிடமும் உதவி இல்லை. நெல் கொட்டுகிற தொட்டியின் இரும்புத் தகட்டின் மேல் சரோஜா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். ஏழுமலை பக்கத்தில் போய் ஸ்பேனரால் தட்டினார். மெதுவாக, விட்டு விட்டு. அவசரமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் தட்டிவிட்டு ஏழுமலை கையைத் தொங்கவிட்டார்.

"நிறுத்தாதண்ணா" என்றார் சரோஜா. கண்ணை மூடியிருந்தார். "அவரு எப்ப நிறுத்துனாரோ அப்ப நிறுத்து."

ஏழுமலை மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். அமுதா வந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாமி டிராக்டரின் மேளம் கடற்கரைப் பக்கம் தேய்ந்து, கேட்காமலே போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் நிறுத்தவே இல்லை.